தம்பியின் பெட்டியில் இரைச்சல் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

தம்பியின் பெட்டியில் இரைச்சல் இல்லை. இதை உறுதி செய்தது என் மனைவி. நேற்று மாலை அவன் வீட்டுக்குப் போய், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மகள் அனுப்பிய பாட்டை முழுதும் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "சும்மா சொல்லக்கூடாதுங்க, மெத்துன்னு இருக்கு. உங்க பெட்டியில கேக்குதே அந்தக் கீச்சு, அது அங்க சுத்தமா இல்ல."

சும்மாவாவது வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

பெட்டி என்றால், லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகினால் ஹெட்ஃபோனுக்கு நல்ல ஒலி தரும் கன்வெர்ட்டர்; ஆளுக்கு ஒன்று செய்தோம். நாமே செய்துகொள்ளலாம் என்ற யோசனை என்னுடையது. வரைபடம் தேடி எடுத்தது நான். கடையைக் கண்டுபிடித்தது நான். தம்பி கூட வந்தான், அவ்வளவுதான். அவன் செயற்கைப் பல் செய்கிறவன். மெழுகும் சின்னச் சுடரும் பழகிய கை. அவன் ஈயத்தை உருக்கி சோல்டர் வைத்த இடமெல்லாம் பல்வரிசை மாதிரி மின்னுகிறது. என்னுடையது முப்பது வருடம் செய்தி எழுதிய கை. வித்தியாசம் தெரிகிறது.

மார்ச் 4, புதன்

மகள் போன் செய்தாள். ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தானே பதிவு செய்த பாட்டு ஒன்றை மாதிரியாக அனுப்ப வேண்டும். கடைசி நாள் அடுத்த வெள்ளி. பாடியிருப்பது அவள் தோழி. மைக் வைத்தது முதல் ஒலிக் கலவை வரை எல்லாம் மகள் வேலை.

"சித்தப்பாகிட்ட கேட்டேன்பா. பதிவு சுத்தமா இருக்குன்னாரு."

"என்கிட்ட கேக்கலையே?"

"உங்க பெட்டி இன்னும் கத்துதாமே, அம்மா சொன்னாங்க. அது சரியானதும் கேட்டுச் சொல்லுங்க."

அவளுக்கு முதல் ஹெட்ஃபோன் வாங்கித் தந்தது யார்? எட்டு வயதில் அதை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் தட்டியது கேட்காமல் என்னை மழையில் நிற்க வைத்தாளே, அது யார் வாங்கிய ஹெட்ஃபோன்? சித்தப்பாவா?

மார்ச் 5, வியாழன்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். அடியில் இருந்த உறுமல் போய்விட்டது. கீச்சு போகவில்லை.

மார்ச் 7, சனி

தம்பி வந்தான். நான் கூப்பிடவில்லை, மனைவி கூப்பிட்டிருக்கிறாள். மூடியைத் திறந்து பார்த்தவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"அண்ணா, இது சோல்டரா, எறும்புப் புத்தா?"

"வேலை செஞ்சா போதும்டா. இதென்ன பொண்ணு பாக்கவா போகுது?"

"வேலையும் செய்யலையேண்ணா."

மனைவி சிரித்தாள். அவனுக்கு நல்ல கப்பில் காபி வந்தது. கைப்பிடி உடைந்த கப் எனக்கு.

ஒரு வரிசை முழுதும் பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மகளின் பாட்டைப் போட்டோம். கீச்சு அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சின்ன ஆறுதல்: அவனாலும் முடியவில்லை.

"பாட்டை நிறுத்துனா சத்தமும் நிக்குதேண்ணா?" என்றான்.

பாட்டு நின்றால் பெட்டிக்குள் இருக்கும் சிப் தானாகவே வாயை மூடிக்கொள்ளும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று விளக்கினேன். படித்து வைத்திருந்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். எனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாதது ஒன்றாவது இருந்ததே.

மார்ச் 8, ஞாயிறு

யூஎஸ்பி வயரை மாற்றினேன். கடைக்காரர் சொன்ன, இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டரையும் போட்டேன். பலன் இல்லை.

அவன் பெட்டியும் கெட்டுப்போகக் கூடாதா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடமா? குளித்துத் தலை துவட்டி முடிக்கும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

கீச்சு என் பெட்டியில் இல்லை.

அலுவலகத்தில், நகரமன்ற பட்ஜெட் கூட்டத்தின் பதிவைக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. பக்கத்து மேசையில் அரட்டை தாங்காமல் சார்ஜர் போடாத லேப்டாப்பில் என் பெட்டியைச் செருகினேன். குடிநீர்க் குழாயைப் பற்றி ஒரு உறுப்பினர் பேசினார். இருமினார். தண்ணீர் குடித்தார், விழுங்கியதுகூடக் கேட்டது. கீச்சு மட்டும் கேட்கவில்லை. திருப்பிப் போட்டேன். இல்லை. மகள் போன வருடம் பதிவு செய்த பாட்டைப் போட்டேன். அதிலும் இல்லை. இந்த வருடத்துப் பாட்டைப் போட்டேன். முதல் நொடியிலேயே ஆஜர்.

சார்ஜரைப் பிடுங்கிய அன்றே என் பெட்டி சரியாகிவிட்டது. அதன் பிறகு நான் வேட்டையாடியதெல்லாம் மகளின் பதிவுக்குள் இருந்த சத்தத்தை.

இத்தனை நாளும் அந்த ஒரே பாட்டை வைத்துத்தான் சோதித்திருக்கிறேன். ஒரே ஆளிடம் கேட்டு எழுதிய செய்தியை யார் கொண்டுவந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புகிறவன் நான். வேறு பாட்டு ஏன் போடவில்லை? எனக்குக் கேட்க வேண்டியிருந்தது அந்தப் பாட்டு மட்டும்தான். தம்பி சொன்னதைவிட ஒரு வார்த்தை நன்றாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

ஒரு கேள்வி பாக்கி. பதிவிலேயே கீச்சு இருந்தால், தம்பியின் பெட்டியில் ஏன் கேட்கவில்லை? விசாரிக்காமல் மகளிடம் சொல்வதற்கில்லை. சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பாள். அதில் பாதி உண்மையும் இருக்கும்.

மார்ச் 11, புதன்

காலையில் தம்பியின் பட்டறைக்கே போனேன். மேசை முழுக்க யார் யாருடைய தாடைகளோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. முதலில் அவன் பெட்டியில் கேட்டேன். கீச்சு இல்லை. மூச்சும் இல்லை. பாடுகிற பெண் இடையில் மூச்சு இழுப்பது என் பெட்டியில் தெளிவாகக் கேட்கும். இவனுடையதில் கம்பளிக்குள் இருந்து பாடுகிறாள். மெத்தென்று இருந்ததன் காரணம் புரிந்தது.

மூடியைத் திறந்தோம். ஹெட்ஃபோனுக்குப் போகும் வழியில் 102 என்று எழுதிய கபாசிட்டர், அதாவது குட்டி மின்தேக்கி, இருக்க வேண்டும். அவன் வைத்திருந்தது 103, திறன் பத்து மடங்கு. கீச்சு, மூச்சு போன்ற கூரிய சத்தங்களையெல்லாம் அது விழுங்கிவிடும். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. எழுத்து கடுகைவிடச் சின்னது.

"கண்ணாடி போடாம வெச்சுட்டேண்ணா."

வரும் வழியில் பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். எறும்புப் புத்தில் ஆரம்பித்துப் பல்வரிசையில் முடிகிற வாக்கியம். அதற்குள் அவன், நான் கொண்டுபோயிருந்த என் பெட்டியில் போன வருடப் பாட்டையும் இந்தப் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டான். முகம் செத்துப்போனது.

"அப்ப, சுத்தமா இருக்குன்னு நான் சொன்னது? அவ அனுப்பிட்டாளா?"

நான் பதில் சொல்வதற்குள் போனைப் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில்.

"அம்மாடி, பாட்டை அனுப்பிட்டியா?"

"இல்ல சித்தப்பா, சாயந்தரம் அனுப்பலாம்னு—"

"அனுப்பாத. நான் சொன்னது தப்பு. என் பெட்டிதான் செவிடு. பாட்டுல ஒரு கீச்சு இருக்கு, உங்கப்பா கண்டுபிடிச்சாரு. அவர் பெட்டிதான் சரி. இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்."

போன் என் கைக்கு வந்தது. நான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அவனே சொல்லிவிட்டான். தப்பை ஒப்புக்கொள்வதிலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறான்! "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

மகள் பதிவுக் கருவியைத் தன் லேப்டாப்பில் செருகியிருந்த வழியிலேயே கீச்சு புகுந்திருக்கிறது. "கேட்டுக் கேட்டுக் காது பழகிடுச்சுப்பா." தோழியை மறுபடி வரவழைத்து, வேறு லேப்டாப்பில் பதிவு செய்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

புதிய பாட்டு மதியம் வந்தது. கீச்சு இல்லை, மூச்சு இருக்கிறது. அப்படியே சொன்னேன். மூன்று மணிக்கு அனுப்பிவிட்டாள். வந்து சேர்ந்ததாகக் கூடத்தில் இருந்து பதிலும் வந்துவிட்டது. தகவல்: மகள்.

உனக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று தம்பியிடம் கேட்டேன். எனக்கு முன்னால் வந்திருக்குமோ என்று ஒரு அரிப்பு.

"எனக்கு வரலையேண்ணா," என்றான். "இருக்கட்டும். வந்தா மட்டும் என் பெட்டியில என்ன கேக்கப்போகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பத்து நாளாக எந்த இடத்தில் நின்றேனோ, அங்கே இப்போது அவன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

வேலை பற்றிய முடிவு 25ஆம் தேதிக்குள் தெரியும் என்று கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் பெட்டியைச் சரிசெய்வது ஞாயிற்றுக்கிழமை காலை. 102 வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பாட்டை அவனுக்கு இன்னும் அனுப்பவில்லை; மாற்றி வைத்த பிறகு அவன் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.