மேல் வீட்டுக் குளியலறை

2003 ஜூலை 9, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு நொய்டா பக்கம் போய்விட்டது. காலையிலிருந்து கரண்ட் இல்லை.

படுக்கையறைச் சுவரில் ஈரம் இன்னும் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. சீலன் என்பார்கள் இங்கே டெல்லியில். பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்கிறது. கோமதிக்கு இழுப்பு ஜாஸ்தி. இந்த வீட்டுக்கு வரும்போது பதினெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறினவள்.

காரணம் தெரிந்ததுதான். மேல் வீடு ராஜகோபாலுடையது, அவர் மஸ்கட்டில். வீட்டைப் பார்த்துக்கொள்வது ப்ராபர்டி டீலர் கன்னா. பார்த்துக்கொள்வது என்றால் என்ன? ரெண்டு ரூமை ப்ளைவுட் வைத்து நாலாகத் தடுத்தான். பேயிங் கெஸ்ட் என்று ஆட்களை அடைத்தான். குளிக்க இடம் போதவில்லை என்று பால்கனியில் இன்னொரு குளியலறை கட்டினான். தண்ணீர் போக வழி சரியாக விடவில்லை. அது எங்கள் சுவர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வாங்க: இன்ஹேலர், பெருங்காயம், குக்கர் காஸ்கெட்.

ஜூலை 11, வெள்ளி

கன்னா கடைக்குப் போனேன். மார்க்கெட் மூலை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. போனவுடன் சாய் வரவழைப்பான். இது எத்தனையாவது சாயோ.

"அங்கிள்ஜி, நான் யாரு? வெறும் டீலர். ஓனர் சொன்னா நாளைக்கே இடிச்சிடறேன்."

வீட்டுக்கு வந்து மஸ்கட்டுக்கு போன். ராஜகோபால் நம்ம பாளையங்கோட்டைக்காரர்தான். "அண்ணாச்சி, அங்க என்ன நடக்குன்னு எனக்கு என்ன தெரியும்? எல்லாம் கன்னாதான் பாக்கான். அவன்ட்டயே சொல்லிருங்க."

சாயங்காலம் எங்கள் குடியிருப்பு சொசைட்டி செக்ரடரி வர்மாஜியைப் பிடித்தேன். கன்னா மெம்பர் இல்லையாம், அவனுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாதாம். ராஜகோபாலுக்கு மூன்று நோட்டீஸ் போயிருக்கிறதாம், மேல் வீட்டு விலாசத்துக்கு! யார் வாங்கியிருப்பான்? கன்னா.

ஆக, ஒருத்தனும் பொறுப்பில்லை. தண்ணீர் மட்டும் தவறாமல் வருகிறது.

ஜூலை 14, திங்கள்

கொஞ்சம் தூறல். முட்டி வலி.

மினிஸ்ட்ரியில் ஆயுசு முழுக்க டிராஃப்ட் போட்ட கை, சும்மா இருக்குமா? காலையில் உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். வெளியூரில் இருக்கிற ஓனர் ஒவ்வொருவரும் இங்கே ஒரு பிரதிநிதியை எழுத்து மூலம் நியமிக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டைப் பற்றிய சகல விஷயங்களுக்கும் அந்த ஆள் சொசைட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வர வேண்டும். இனி கன்னா "நான் யாரு" என்று கேட்க முடியாது. நீ யார் என்று தாளிலேயே இருக்கும்.

கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. மேல இருக்க பாத்ரூமை இடிக்கணும்னு இதுல எங்க இருக்கு?"

ஒரு வீட்டைக் குறித்து எழுதினால் சொந்த விரோதம் என்பான், பொதுவாக எழுதினால்தான் நிற்கும் என்றேன்.

"ஆமா, பெரிய சட்ட மந்திரி. எனக்கு மூச்சு விடணும், அவ்வளவுதான்."

இவளுக்கு எங்கே புரியப்போகிறது.

ஜூலை 20, ஞாயிறு

பொதுக்குழு. என் விதி நிறைவேறிவிட்டது! ஒருத்தரும் எதிர்க்கவில்லை. வர்மாஜி, "சாப், கவர்ன்மெண்ட்ல இருந்தவங்க எழுதினா எழுத்தே தனி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சமோசா நன்றாக இருந்தது.

கன்னா கேட் பக்கத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான். சேதி அதற்குள் போயிருக்கிறது. "பஹுத் அச்சா ரூல், அங்கிள்ஜி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். பயந்துவிட்டான் பயல்.

ஜிலேபி வாங்கிப் போனேன். கோமதி ஒன்று தின்றாள், இருமினாள்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று நாளாக மழை. சுவரில் பச்சையாகப் பூஞ்சை. கட்டிலை ஹாலுக்கு இழுத்தாயிற்று. சோபா பால்கனியில் நனைகிறது.

ஊரின் மறுகோடி துவாரகாவிலிருந்து மகள் மீனா போன். "அப்பா, சோடோ நா! அம்மாவை இங்க அனுப்பு. நீயும் வா. வீட்டை ரெண்ட்டுக்கு விட்டுடு." இங்கேயே பிறந்த பெண், எல்லாவற்றுக்கும் சோடோ, விட்டுத் தள்ளு. என் வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும் என்று கத்திவிட்டேன். அவள் அப்புறம் மாப்பிள்ளையை வைத்து "சாப்பிட்டாச்சா மாமா" என்று கேட்க வைத்தாள்.

பதினேழாம் தேதி அடுத்த கூட்டம். பால்கனிக் குளியலறையை இடிக்கத் தீர்மானம் கொடுத்துவிட்டேன். அன்று தெரியும் சேதி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு கன்னா வந்தான். இஸ்திரி போட்ட குர்தா. கையில் பதினோரு ஓனர்களின் அதிகாரக் கடிதம். ராஜகோபால், கனடாக்காரர், பூனாவில் இருக்கும் கர்னல், எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விதிப்படி. என் விதிப்படி.

என் தீர்மானம் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். கன்னாவும் தூக்கினான், எதிராக. இவன் எப்படித் தூக்கலாம் என்று எழுந்தேன்.

வர்மாஜி ரொம்பப் பணிவாக: "சாப், ஓனருக்காகப் பதில் சொல்லணும், கூட்டத்துக்கு வரணும், சகல விஷயத்துக்கும்னு நீங்கதானே எழுதினீங்க. வந்தவர் வாயை மூடிட்டு உட்காரணுமா?"

யாரோ சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவதே பத்துப் பன்னிரண்டு பேர். அதிலும் பாதிப் பேருக்கு கன்னாதான் குடித்தனம் பிடித்துக் கொடுத்தவன். இவன் ஒருத்தன் கை பதினோரு கை. தீர்மானம் தோற்றது.

அதோடு விட்டானா? வாடகை வீடுகளைக் கவனிக்க ஒரு கமிட்டி வேண்டும் என்றார் வர்மாஜி. கன்வீனர் யார்? கன்னா. கைதட்டல்.

பேனாவைப் பிடித்து நானே கொண்டுபோய் நாற்காலி போட்டிருக்கிறேன் அந்தச் சவத்துக்கு.

கோமதியிடம் சொன்னேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் தேவலை. "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது: வாடகை வீடு பற்றிய புகார்களை இனி கன்வீனரிடம் எழுத்தில் தர வேண்டும். கன்னா மீது கன்னாவிடம்.

மெம்பர் அல்லாதவன் ஓட்டு செல்லாது, மேலே ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எழுதுங்கள் என்கிறார் கீழ் வீட்டு சர்தார்ஜி. எழுதலாம்தான். அப்படி வந்த எத்தனை மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று நானே பதில் போட்டிருக்கிறேன்! அது பரிசீலனையில் இருக்கிற வரைக்கும் இவள் மூச்சு?

எளவு, இன்றைக்குப் பால் வேறு திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

கோமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மத்தியானம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தவள் கேஸை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேச்சு வரவில்லை. உதடு நீலம். சர்தார்ஜி காரில் கொண்டுபோனார். பயந்துபோனேன், நன்றாகவே பயந்துபோனேன்.

டாக்டரம்மா இளவயது. சுவர், பூஞ்சை எல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்ணு வீட்டைச் சரி பண்ணுங்க, இல்லே வீட்டை மாத்துங்க. மருந்து மட்டும் என்ன செய்யும்?" என்றாள்.

வீட்டைச் சரி பண்ணுவதா. அம்மா தாயே.

ஆகஸ்ட் 30, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே துவாரகா. மீனா வீட்டில் ஒரே பெட்ரூம், மாப்பிள்ளை ஹாலில் படுக்கிறார். பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால்தான் அதற்கு வாடகை கொடுக்க முடியும். நான் ஒன்றும் கத்தவில்லை.

இங்கே திரும்பி வந்து மார்க்கெட்டில் வேறு ரெண்டு டீலர்களிடம் கேட்டேன். சொசைட்டி பெயரைச் சொன்னதும் ஒருத்தன் கும்பிடு போட்டான். "அது கன்னாஜி ஏரியா, பாய்சாப். நான் ஆள் கொண்டுவந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க." இன்னொருத்தன் அதையும் சொல்லவில்லை, நம்பர் குறித்துக்கொள்கிற மாதிரி நடித்தான்.

கட்ட வேண்டியது: பித்தளைப் பாத்திரம், மிக்ஸி, சாமி படங்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கன்னா வந்தான். நான்தான் கூப்பிட்டேன். செருப்பை வாசலிலேயே கழற்றினான். ஆன்ட்டிஜி எப்படி இருக்காங்க என்று கேட்டான், நிஜமாகவே கேட்டது போலத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ரூம் ரூமாகப் பார்த்தான். ஈரச் சுவரைத் தட்டிப் பார்த்தான். காரை கொஞ்சம் உதிர்ந்தது. "த்ச்" என்றான், முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி.

பிரதிநிதிக் கடிதம் அச்சடித்தே வைத்திருக்கிறான். வாசகம் என்னுடையது, ஒரு எழுத்து மாறவில்லை. கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு.

கோமதி கேட்டால் ஆள் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

வெயில். காலை ஒன்பது மணியிலிருந்து மேலே சுத்தியல் சத்தம்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். ரெண்டு ஆட்கள், பால்கனிக் குளியலறை பாதி இடிந்து கிடக்கிறது. கன்னா நின்று மேற்பார்வை. "ரெண்டு நாள் வேலை, அங்கிள்ஜி. உங்க வீட்டுக்கு நல்ல பார்ட்டி வர்றாங்க, பேங்க் மேனேஜர். சீலன் இருந்தா வர மாட்டாங்களே!"

ராஜகோபால் சம்மதமா என்று கேட்டேன். "அவரை எதுக்குக் கேட்கணும்?" என்றான்.

கீழே வந்தால் கோமதி போன். இன்றைக்கு மூச்சு பரவாயில்லையாம், நாலு இட்லி சாப்பிட்டாளாம். "அங்க என்ன ஒரே சத்தம்?" என்றாள்.

மேல் வீட்டு பாத்ரூமை இடிக்கிறார்கள் என்றேன்.

"யாருக்காக?" என்றாள்.