இன்னும் மீன் விடாத தொட்டி

ஜூலை 6, ஞாயிறு

தொட்டியில் தண்ணீர் ஊற்றி இன்றோடு நாலு வாரம். செடிகள் வேர் பிடித்துவிட்டன. வாலிஸ்நேரியா ரிப்பன் ரிப்பனாக மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் மடங்கிப் படுத்துக்கொள்கிறது. தண்ணீர் பழக ஆறு வாரமாவது ஆகும், அதுவரை மீன் விடக் கூடாது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

கெடார் கிராமத்தில் கழனி வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் குமரேசன், கால் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மீனே இல்லாத தொட்டிக்கு லைட்டு எதுக்கு?"

"செடிக்கு" என்றேன்.

"ஓ" என்றார்.

இன்று நாங்கள் பேசியது மொத்தமும் இவ்வளவுதான். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்தாறு வயதுக்கு மேல் கல்யாணம் பண்ணிக்கொண்டது 'ஓ' கேட்கவா?

லைட் போட்டு ஒரு மணி நேரத்தில் இலைகளில் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டுகிறது. ஒவ்வொன்றாக இலையை விட்டு மேலே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து சாம்பாரை அடிபிடிக்க விட்டேன்.

ஜூலை 9, புதன்

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரம். கண்ணை மூடினால் தொட்டிதான். இன்று மனதுக்குள் இரண்டு ஏஞ்சல் மீன் விட்டேன். கூடவே ஒரு கூட்டம் நியான் டெட்ரா. ஏஞ்சல் அசையாமல் நின்று, இலையோடு இலையாக மிதந்தது. என்ன அழகு! விக்கிரவாண்டி வருவதற்குள் அது நியானைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு டைகர் பார்ப் விட்டேன். அது எல்லார் வாலையும் கடித்தது. கூட்டேரிப்பட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு, மறுபடி வெறும் தொட்டியோடு ஆபீஸ் போனேன்.

ஆபீஸில் பக்கத்து மேஜை ஜெசிந்தா ஒரு சேதி சொன்னாள். திண்டிவனத்திலேயே, ஆபீஸ் குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளுக்கான வீடு ஒன்று காலியாகிறதாம். ஆகஸ்ட் 29க்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "டெய்லி ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல பேஜாரு. வந்துடேன் கலை" என்றாள்.

பஸ்ஸில் எனக்கு ஒரு பேஜாரும் இல்லை. பஸ்ஸில்தான் நன்றாக இருக்கிறேன். போனால், சனி ஞாயிறு வருவேன் என்று அவரிடம் சொல்வேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோகும். எனக்கே தெரியும்.

ஜூலை 14, திங்கள்

ஒரு வீட்டில் இரண்டு பேர் இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியுமா?

ஜூலை 19, சனி

ஆறு வாரம் முடிந்தது. இன்று ஆபீஸ் இல்லை, இதற்காகவே பஸ் ஏறித் திண்டிவனத்தில் சவுரிராயனின் மீன் கடைக்குப் போனேன். அவருக்கு வாய் ஓயாது.

"நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணிக்கா. அதுக்கு ஸ்வார்ட்டெயிலு, மோலி ஜம்முனு இருக்கும். நீங்க கேக்கறது ராஸ்போரா. கேன் தண்ணி பாதி கலந்துதான் வைக்கணும்."

"கலக்கறேன்."

"எட்டாச்சும் வாங்கணும். ஒன்னு ரெண்டுன்னா பயந்து செடிக்குள்ள பூந்துக்கினு கெடக்கும். யாரு யாரோட ஒத்துப்போவும்னு பாத்து வுடணும்கா. அழகா கீதுன்னு அள்ளிக்கினு போனா ஒரே மாசம்தான்."

சிரித்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு முன்னால் இந்த ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

எட்டு ராஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் மை தீட்டியது போல ஒரு கறுப்பு. அடியில் மேய நாலு கோரி. பையை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் "ஒன்னும் இல்லடா, ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

எட்டும் ஒன்றாகப் போகின்றன, ஒன்றாகத் திரும்புகின்றன. காலை முழுக்க நான் தண்ணீருக்குள்தான் இருந்தேன். தரையில் கால் பாவவில்லை.

கதவோரம் நின்றிருந்தவர், நான் கேட்காமலே, "ஒன்னா திரும்புது" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொட்டியில் அமேசான் செடியின் இலை வெளுக்கிறது. எனக்குக் கவனிக்கத் தெம்பில்லை. குவார்ட்டர்ஸுக்கு ஃபாரம் எழுதிப் பையில் வைத்துவிட்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது? "ஏங்க, நான் போறேன்" என்றால் "ஓ" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

எல்லாம் செத்துப்போச்சு. நேத்து சாயங்காலமே மேல வந்து வந்து வாயப் பொளந்துச்சு. பாதித் தண்ணிய மாத்தினேன். விடிஞ்சு பாத்தா எட்டும் போச்சு. கோரியும் போச்சு.

என்ன பண்ணீங்கன்னு அவரப் பாத்துக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். தலையைக் குனிஞ்சிக்கினு நின்னார். ஒரு வார்த்தை! கல்லு. கல்லோட குடித்தனம் பண்றேன்.

திங்கள்கிழமை ஃபாரத்தைக் கொடுத்துடுவேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் காபி டம்ளரோடு வந்து தொட்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எல வெளுத்துக்கினே வந்துச்சு. பயிரு வெளுத்தா யூரியாதானே போடுவோம்? வியாழக்கிழம அர ஸ்பூன் போட்டேன் கலை. மீனுக்கு ஆவாதுன்னு தெரியாது."

யூரியா! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எப்படிக் கேக்கறது? மீனப் பாத்தா சிரிக்கற. என்னப் பாத்தா மூஞ்சி மாறிப்போது. ஏதாச்சும் தப்பாப் பேசிடுவனோன்னு வாயத் தொறக்கறதே இல்ல."

டம்ளரைத் தரையில் வைத்தார். "வண்டிச் சாவி தேடறப்போ உன் பையில ஃபாரத்தப் பாத்தேன். நீ போவறதுக்குள்ள அந்தச் செடியப் பச்சையாக்கிக் காட்டணும்னு தோணிச்சு. எனக்கு வேற என்னா தெரியும்?"

நான் இவரைக் கல் என்று எழுதியிருக்கிறேன். நேற்றுதான் எழுதினேன். இவரும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அழுதுவிட்டேன். அவர் துண்டைக் கொடுத்தார். அதில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

மத்தியானம் இரண்டு பேருமாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். அமேசான் செடியைக் காட்டி, "வேருக்குக் கீழ மண்ணே இல்ல, வெறும் ஜல்லி. அப்புறம் எப்படிப் பச்சையாவும்?" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள். ஐந்தே முக்கால் வரை ஜெசிந்தா என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுக்கவில்லை. இவருக்காக என்று சொல்லமாட்டேன். இவர் இன்னும் என்னென்னவோ பேசாமல் வைத்திருக்கிறார், அதைக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

தொட்டி மறுபடி பழகிவிட்டது. இரண்டு பேரும் வண்டியில் சவுரிராயன் கடைக்குப் போனோம். நான் ராஸ்போரா என்றேன். இவர் ஸ்வார்ட்டெயில் என்றார்.

"போர் தண்ணியில பொறந்த மீனு இருக்கறப்போ, கேன் தண்ணி வாங்கி ஊத்தி எதுக்கு வளக்கணும்?"

"எனக்குப் புடிச்சிருக்கு, அதான்."

"எனக்குப் புடிக்கல. அது பாட்டுக்குச் சுத்திக்கினு கீது. செவப்பா, துடிப்பா நாலு இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கும்."

"அதுங்க குட்டி போட்டே தொட்டிய ரொப்பிடும். தெரியுமா உங்களுக்கு?"

"ரொப்பட்டுமே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைத்தான் பார்த்தார்கள். சவுரிராயன் வலையைக் கீழே வைத்துவிட்டு, "வூட்டுக்குப் போயி ஒரு முடிவுக்கு வந்து அப்புறம் வாங்க சார்" என்றார்.

வெறுங்கையோடு கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு தாண்டியும் அவர் விடவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டு வந்தார். நானும் பின்னாலிருந்து கத்தினேன். எட்டு மாதத்தில் இவர் திருப்பிப் பேசிய முதல் சண்டை இது. விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அவருக்கும்தான்.