கொரியாக்காரி அழுத மத்தியானம்

அக்கா,

இன்று காலை என் மருமகளின் செல்போனில் ஒருத்தி கொரிய மொழியில் விம்மி விம்மி அழுதாள். குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்த மாதிரி அழுகை உங்கள் பக்கத்துச் சுவரைத் தாண்டி முதன்முதலில் என் காதில் விழுந்தபோது, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் ஓடி வந்தேன்.

நமக்குள் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, காமயகவுண்டன்பட்டியில் ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக் குடியிருந்தோம். என் மகளின் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், நகை எடுக்கப் போன இடத்திலிருந்து போனில் சொல்லிவிட்டேன். அதில் உங்களுக்குக் கோபம். பெரியம்மா முறையில் நீங்கள் வரவில்லையே என்று எனக்கும் கோபம். நம் வீட்டுக்காரர்கள் திராட்சைத் தோட்டத்தில் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். நாம் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஓடி வந்து பார்த்தால், நீங்கள் டிவி முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறீர்கள். சென்னையில் படித்த உங்கள் மகன் விட்டுப்போன கொரியத் தொடர் டிவிடி. உங்களுக்கு அவர்கள் பேசுவதும் புரியாது, கீழே ஓடும் இங்கிலீஷும் படிக்கத் தெரியாது. பிறகு எதற்கு இந்த அழுகை? என்னைக் கண்டதும் டிவியைப் பார்த்து, "வந்தவுக நிக்கிறாக. உக்காரச் சொல்லு" என்றீர்கள்.

உட்கார்ந்தேன்.

"இவ எதுக்கு அழுகுறான்னு படிச்சவுக யாராச்சும் சொன்னா ஆகாதா?" என்று மறுபடியும் டிவியிடமே கேட்டீர்கள்.

கீழே ஓடிய வரியைப் படித்துவிட்டு நான் மின்விசிறியைப் பார்த்து, "மாமியா வீட்டுல சேத்துக்கலையாம்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நம் பேச்சு இப்படித்தான் நடந்தது. வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து, "மருவாதி தெரிஞ்சவுக" என்றீர்கள். கதாநாயகன் ஒரு வழியாக அவள் கையைப் பிடித்தபோது, "இதுக்கா இம்புட்டு நாளு? நம்மூரா இருந்தா இந்நேரம் புள்ளைக்கு மொட்டை எடுத்திருப்பாக" என்றீர்கள். வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன்.

கதையில் அக்காளுக்கும் தங்கைக்கும் சண்டை வந்ததும் எனக்கு நாக்கு அரித்தது. தங்கை ஏதோ சொன்னாள். நான் மின்விசிறியிடம், "மூத்தவதான் எறங்கி வரணுமாம். போன்ல சொன்னாலும் அழைப்பு அழைப்புத்தானாம்" என்றேன்.

நீங்கள் அசரவில்லை. "கீழ ஒத்த வரிதான் ஓடுச்சு. மிச்சத்த எந்த ஊர்க்காரி சொன்னா?" என்று டிவியைக் கேட்டீர்கள். நான் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை!

கடைசி பாகம். அக்காளும் தங்கையும் ரயிலடியில் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். மூத்தவள் வாயைத் திறக்கிறாள். பாழாய்ப்போன கரண்ட் போய்விட்டது. அப்போதெல்லாம் மின்வெட்டுக்கு நேரங்காலம் ஏது? டிவியும் போச்சு, மின்விசிறியும் போச்சு. நடுவில் வைத்துப் பேச ஒன்றுமே இல்லை. வேர்த்து வழிய இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஏ சின்னவளே," என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள், "சேந்துருவாளுகளா?"

நானும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "தெரியலக்கா."

"சேரலைன்னா அந்த டிவிடி தட்ட ஒடச்சு அடுப்புல போட்ருவேன்" என்றீர்கள். கையோடு, "காப்பி குடிக்கிறியா?" என்றீர்கள்.

கரண்ட் வந்தது. டிவியைப் போட நீங்களும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. காதுகுத்தில் தொடங்கி விட்டுப்போன கதையையெல்லாம் பேசினோம். தோட்டத்திலிருந்து வந்த உங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "வீடு மாறி வந்துட்டமோ?" என்றார். கடைசி பாகத்தை மறுநாள்தான் பார்த்தோம்.

பேசாமல் விட்ட வருடங்களை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. போன தை மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இப்போது கொரியாக்காரர்கள் பாதிப் பேர் தமிழிலேயே பேசுகிறார்கள், படித்துச் சொல்ல யாரும் வேண்டாம். ஆனாலும் கதை முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லாமல் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. மருமகள் சிரிக்கிறாள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

"சேந்துட்டாகக்கா."