உன் சிரிப்பை விளம்பரமாக்கிவிட்டார்கள், அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டியதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றி ஒரு பொய் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, உண்மையை மட்டும் உன் கல்லறையில் வந்து முணுமுணுத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் மனைவி கலா தன் போனை என்னிடம் நீட்டினாள். திரையில் நீ இருந்தாய். பச்சைச் சேலை. விழுந்துபோன முன்பல் தெரியாமல் இருக்க வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாய். "என் பேரு ஸ்டெல்லா. மரக்காணம். உப்பளத்துல வேல செய்றேன்." அவ்வளவுதான் நீ பேசுவது. பின்னால் புல்லாங்குழல். கீழே எழுத்து ஓடுகிறது: பத்து வருட மன அழுத்தம், மூன்றே நாளில் விடுதலை. இயற்கைக் காளான் சிகிச்சை. முழுக்கச் சட்டபூர்வமானது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி பார்த்தேன். அந்தச் சிரிப்பு எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்தச் சிகிச்சை இடத்தில் நீ போய் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில் எடுத்தது. ஒரு பெண் செல்போனை நீட்டி, "சிரிங்கம்மா, பேரு ஊரு சொல்லுங்க" என்றாள். யார் என்ன சொன்னாலும் மறுக்கத் தெரியாத நீ சிரித்தாய்.

உனக்கு என்ன ஆயிற்று என்று யாருக்குத்தான் புரிந்தது அக்கா? பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் ஒருநாள் வாருபலகையைப் போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். சாயங்காலம் வரை எழவில்லை. காரணம் கேட்டார்கள். காரணம் எதுவும் இல்லை. சர்ச்சில் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மாமா இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளியனூரில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. கொஞ்சம் கேட்கும், பிறகு கேட்காது. குளிக்கவைக்கக் கலா உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள்.

அப்போதுதான் நான் தேட ஆரம்பித்தேன். போதை தரும் காளானை வைத்து வெளிநாட்டில் இதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே சட்டப்படி யார் தருகிறார்கள் என்று போனில் தட்டித் தட்டிப் பார்த்தேன். எத்தனை பேர் வந்து குவிந்தார்கள் தெரியுமா! ஒருத்தன் மூலிகை என்பதால் சட்டம் தொடாது என்றான். இன்னொருத்தன் கூரியரில் மாத்திரையாக அனுப்புகிறேன், பொட்டலத்தின் மேல் டீத்தூள் என்று எழுதியிருக்கும் என்றான். சட்டபூர்வமான பொருளுக்கு எதற்கடா டீத்தூள் வேஷம் என்று கேட்கக்கூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பெரிய முதலியார்சாவடியில் நான் தண்ணீர் கேன் போடும் கெஸ்ட் ஹவுஸ்களில் ஒன்றில்தான் இந்தக் காளான் சிகிச்சை தருகிற ஆள் இருந்தான். வெள்ளைக் கதர் ஜிப்பா, மெல்லிய குரல். அங்கே வந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தபடி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி சரியா சார் என்று கேட்டேன். "லீகல்தான் பிரதர், பேப்பர் இருக்கு" என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது, முத்திரை இருந்தது. அது யோகா வகுப்பு நடத்தப் பதிவு செய்த காகிதம் என்பதைப் பிறகுதான் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

சிகிச்சைக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே மாத்திரையை நிறுத்தச் சொன்னான். நீ பயந்தாய். தலைக்குள் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்குதுடா, தூக்கமே இல்லை என்றாய். உடம்பு சுத்தமாகிறது என்று அவன் சொல்லிக்கொடுத்ததை நான் உன்னிடம் அப்படியே ஒப்பித்தேன்.

அன்றைக்கு ஒரு கோப்பையில் ஏதோ கஷாயம் தந்தார்கள். என்னைத் தெருவாசலிலேயே நிறுத்தினார்கள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, பிரஷர் பார்க்கிற கருவிகூட இல்லை. மத்தியானம் உன் அலறல் கேட்டது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஓர் அறையின் மூலையில், வாந்திக்கும் மூத்திரத்துக்கும் நடுவில், சேலை நழுவியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆள் வாசற்படியில் நின்று, "வலி வெளிய போகுது, தடுக்காதீங்க" என்றான். அவன் கால் உள்ளே வரவில்லை. தரை ஈரமாக இருந்ததே, அதனால்.

ஆட்டோவில் வரும்போது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "டேய் அந்தோணி, என்ன எங்கடா கூட்டியாந்த?"

உன் சேலையை இழுத்துப் போர்த்திவிட்டேன் நான். அதற்குப் பிறகு மூன்று வாரம் நீ சோறே தொடவில்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அந்த டாக்டரம்மாவை உனக்குப் பிடித்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. காளானைப் பற்றிக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "இங்க அத நான் தர முடியாதுப்பா. சட்டத்துல இடமில்ல. சில நாட்டுல கட்டுப்பாட்டோட தர்றாங்க, ஆராய்ச்சி நடக்குது, அதெல்லாம் உண்மதான். ஆனா இங்க யாராவது லீகல்னு சொல்லி ரூம்ல வச்சுக் குடுத்தா, அது பொய்."

பிறகு அவரே சொன்னார். ஆபரேஷனுக்குப் போடும் மயக்க மருந்து ஒன்று இருக்கிறதாம். எந்த மாத்திரையும் கேட்காதவர்களுக்கு அதைக் குறைந்த அளவில், ஆஸ்பத்திரியில் வைத்து, இதயத்தையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே ஏற்றலாம். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. ஆனால் எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி தர முடியாது, கேட்டாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். உறுதி தர முடியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே நம்பினேன்.

நாலாவது தடவை ஏற்றிய பிறகு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுடா" என்றாய். அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம்! கேன்டீனுக்கு ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். மூன்று தின்றாய். ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை, எனக்குத் தெரியும். சில நாள் மறுபடி படுத்தாய். மாத்திரையும் தொடர்ந்தது. ஆனாலும் எட்டு மாதம் நீ நீயாக இருந்தாய். மறுபடி உப்பளத்துக்குப் போனாய், கலாவோடு சண்டை போட்டாய், மீன் குழம்பில் புளி போதவில்லை என்றாய். அப்புறம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற வாரத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஆறே நாளில் உன்னை எடுத்துக்கொண்டது.

இப்போது அந்தக் கேவலமானவன் உன்னை அவன் குணப்படுத்தியதாகச் சொல்கிறான்.

புதன்கிழமை நேரே போய்விட்டேன். வீடியோவை நீக்கச் சொன்னேன். "அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க பிரதர்" என்றான். செத்துட்டாங்க சார் என்றேன். அவன் முகத்தில் ஒரு நொடி பயம் வந்தது. உனக்காக இல்லை. "நம்ம ட்ரீட்மென்ட்டால இல்லியே?" என்று கேட்டான். இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டான், எனக்கு இளநீர் கொண்டுவரச் சொன்னான். உன் வீடியோவைப் பார்த்துத்தான் தமிழ் ஆட்கள் வருகிறார்கள் என்றும், ஒரு விதத்தில் நீ பலருக்கு நல்லது செய்கிறாய் என்றும் சொன்னான். அந்த இளநீரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். கணவர் துபாயில். பக்கத்தில் அவருடைய மகள், இருபது வயதிருக்கும், தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும் அக்கா. உள்ளே நான் சத்தம் போட்டதை அந்த அம்மா கேட்டிருந்தார். "நீங்க அந்த ஸ்டெல்லாவோட தம்பியா? அவங்களுக்கு இங்கதான் சரியாச்சா?" என்றார்.

நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூலையில் உன்னைப் பார்த்ததை, மாத்திரையை நிறுத்தியதை, அரசு ஆஸ்பத்திரியை, அந்த டாக்டரம்மா என்றைக்கு இருப்பார் என்பதை. மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் கேட்டார்: "இவ்ளோ தெரிஞ்ச நீங்க, உங்க அக்காவ எதுக்குத் தம்பி இங்க கூட்டியாந்தீங்க?"

அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான், பாதி. மீதிப் பாதியை உனக்குச் சொல்கிறேன். உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது அக்கா. மூன்று நாளில் முடியும் என்று ஒருவன் சொன்னபோது, உன் கஷ்டம் முடியும் என்பதைவிட என் கஷ்டம் முடியும் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் மேல் வருகிற அருவருப்பில் பாதி என் மேல் வருகிறது. இத்தனை நாள் முழுவதையும் அவன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தேன்.

போலீசுக்குக் கொடுக்க ஒரு புகார் எழுதி வைத்திருந்தேன். அதில், "உறவினர் சிலரின் பேச்சை நம்பி என் அக்கா அங்கே சென்றார்" என்று இருந்தது. நேற்று அதைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதினேன். கூட்டிப்போனது நான், மாத்திரையை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தியது நான், வெளியே காத்திருந்தது நான். சட்டவிரோதமான இடத்துக்குக் கூட்டிப்போனதற்கு என்னையும் கேட்பார்களே என்று கலா பயப்படுகிறாள். கேட்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் அதைக் கொடுக்கப் போகிறேன். அந்த வீடியோவை நீக்கும்வரை அலைவேன். யார் வந்து இந்தக் காளான் சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும், உனக்கு நடந்ததை என் பங்கையும் சேர்த்தே சொல்வேன். இது என் வாக்கு.

உன்னை அங்கே கூட்டிப்போன தம்பி,
அந்தோணி