வஞ்சிரத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை

ஜூன் 11, புதன்

வாஞ்சூர் பக்கம் கப்பல் ஏஜென்சி ஒன்றில் இன்று நேர்முகம். கேள்வி கேட்டவர் மேனேஜர் ஜவஹர் அலி சார் மட்டும்தான். சரக்கு ரசீது பற்றிக் கேட்டார். "தெரியாது சார்" என்றேன். அவ்வளவுதான், எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு தாளை எடுத்து, கப்பல் வருவதிலிருந்து சரக்கு இறங்குவது வரை படம் போட்டுக் காட்டினார். வேலை கேட்டு வந்தவளுக்கு யார் இப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்? போன மாதம் வேறோர் இடத்தில், ஊர் கிளிஞ்சல்மேடு, மீனவர் கிராமம் என்றதுமே ஃபைலை மூடிவிட்டார்கள்.

இந்த வேலை எனக்கு வேண்டும். வாங்காமல் விடமாட்டேன்.

ஜூன் 12

சாருக்கு நன்றிக் கடிதம். போனில் கிடைத்த ஆங்கில மாதிரியைக் காப்பியடித்துப் பார்த்தேன். கோட்டு போட்ட யாரோ எழுதியது போல இருந்தது. அழித்துவிட்டுத் தமிழில் நாலு வரி எழுதினேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, அந்தப் படத்தை வீட்டில் வரைந்து பழகினேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். மெயில் போய்விட்டது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எழுதுனா ஆச்சா? வெறுங்கையாலயா நன்றி சொல்லுவாங்க?"

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா."

"நல்ல ஆபீஸு."

ஜூன் 14

பதில் இல்லை.

ஜூன் 17

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன அப்பாவின் படகு இன்று கரைக்கு வந்தது. நல்ல மீன். முதலில் வரும் மீனை வேண்டியவர் வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா இந்த வருடம் புதிதாக ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டாள். ஜவஹர் அலி சார் வீடு! ஒரு முழு வஞ்சிரம்! அவள் தினமும் மீன் விற்கப் போகும் தெருவாம். சார் இல்லை, அவர் மனைவி சஃபியாதான் வாங்கிக்கொண்டாராம்.

"என்ன சொல்லிக் குடுத்த?"

"எம் பொண்ணைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கச் சொல்லுங்கன்னேன்."

போச்சு. எல்லாம் போச்சு. ஏம்மா இப்படிப் பண்ணுன? லஞ்சம்னுதானே நெனப்பாரு! கத்தித் தீர்த்துவிட்டேன். "மீனு லஞ்சமாடி?" என்று கேட்டுவிட்டு அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. கொடுத்ததில் தப்பில்லை, கொடுத்த நேரம்தான் தப்பு என்று எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

மீனைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இந்நேரம் குழம்பாகியிருக்கும்.

ஜூன் 18

சாருக்கு இன்னொரு கடிதம். மீனுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் நன்றி சொல்லும் முறை அது. அம்மாவைத் தவறாக நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் வேறு யாரையாவது வைத்து என்னை மறுபடி கேள்வி கேளுங்கள். தேறாவிட்டால் வேண்டாம்.

"பேசாம இருந்தா வேலை கெடைக்கும், நீயே ஏன் கிண்டுற?" என்றார் அப்பா. அப்படிக் கிடைக்கும் வேலையில் நான் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவேன்? கடைசி வரியை எடுத்தேன், சேர்த்தேன், மறுபடி எடுத்தேன். சேர்த்தே அனுப்பினேன்.

ஜூன் 20

சாரே போன் செய்தார். "மீன் நல்லாருந்துச்சுன்னு வீட்ல சொல்லச் சொன்னாங்கம்மா. ஆனா ஒங்க விஷயத்துல இனி நான் முடிவெடுக்குறது சரியா இருக்காது. செவ்வாய்க்கிழமை சென்னையிலேர்ந்து ஒருத்தர் வர்றாரு. அவர் கேப்பாரு. நான் உள்ள இருக்கமாட்டேன்."

கோபமா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்து என்ன செய்ய? படிக்கிற வேலையைப் பார்க்கிறேன்.

ஜூன் 24

சிரிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருப்பார் போல அந்தச் சென்னைக்காரர். குடைந்து எடுத்துவிட்டார். சரக்கு ரசீது பற்றியும் கேட்டார், தடுமாறாமல் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து அவருக்கும் நன்றிக் கடிதம் அனுப்பினேன்.

அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 3

வேலை கிடைத்துவிட்டது. இன்று முதல் நாள். காலையில் பஸ்ஸுக்கு நின்றேன். அம்மாவும் மீன்கூடையோடு நின்றாள். பக்கத்துக் கூடைக்காரி ராசாத்தி அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஒத்த வஞ்சிரத்துல பொண்ணுக்கு வேலை வாங்கிட்டியே மலர்க்கொடி!"

அம்மா மறுக்க வேண்டுமா இல்லையா? "பின்ன? சும்மாவா, எம்மாம்பெரிய மீனு!" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சென்னைக்காரர், படித்த படிப்பு, அந்தக் கடிதம், எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெருமை.

சொல்லிக்கொள்ளட்டும். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.