என் பெயருக்குப் பதில் சின்னப்பன் பெயர்

பெங்களூர்
12-3-1999

அன்புள்ள சீதாலட்சுமிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் ரயில்வே சங்கத்தின் பொன்விழா மலருக்காக, எழுபத்துநான்காம் வருட வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்றவர்களின் பட்டியலைச் சரிபார்த்தேன். வேலை பறிபோய் அந்த ஏக்கத்திலேயே செத்த, தண்டவாள வேலை பார்த்த கேங்மேன் சின்னப்பன் பெயரைக் காணோம்!

"சந்தா ரசீது இல்ல, அப்ப மெம்பரே இல்ல. பேஜார் பண்ணாதீங்க சார்" என்கிறார் செயலாளர். தினக்கூலிகளுக்கு அன்று யார் ரசீது கொடுத்தார்கள்? ஐந்தாம் நாளே பயந்து வேலைக்குத் திரும்பிய என் பெயர் மட்டும் இருக்கிறது. அதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். சரிதானா, தெரியவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. நீ ஊரில் இருக்க, தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை.

மலரில் அச்சிட அவர் பெயருக்கு இனிஷியல் வேண்டுமாம். சின்னப்பன் மனைவி ஞானம்மாளிடம் மாமனார் பெயரைக் கேட்டு எழுது. நான் வேலைக்குத் திரும்பியதையும் அவளிடம் சொல்லிவிடு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

கோவிந்தராஜன்