புகையிலை பழுக்கட்டும் என்றாய்

வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் நேற்று பரண்மேலிருந்து துருப்பிடித்த வட்ட டின் ஒன்றை இறக்கினார். "சார், இதுல இன்னாவோ கீது" என்றபடி, நான் தடுப்பதற்குள் மூடியை நெம்பிவிட்டார். சுண்ணாம்பு வாடையையும் மீறி அந்த மணம் வந்தது. உலர்ந்த திராட்சையும் பழைய வெல்லமும் கலந்த மணம். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன் புகையிலை மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அறுபதுகளின் கடைசியில் நம் ஆபீஸின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது, பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்களான நமக்கு ஆளுக்கொரு பைப்பும், பொதுவாகப் பத்து டின் புகையிலையும் கொடுத்துவிட்டுப் போனார். மயிலாப்பூரில் உன் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் என் அடையாறு வீட்டில் வைத்தாய். எனக்கு அன்றைக்கே பற்றவைக்க ஆசை. நீ விடவில்லை. "புதுசு நாக்கைக் கடிக்கும்டா. பழுத்தா கடிக்காது" என்றாய். மூடிய டின்னுக்குள் வருஷக்கணக்கில் கிடந்தால் காரம் அடங்கும், இனிப்பு மேலே வரும் என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தாராம். மூடி விளிம்புகளில் மெழுகை உருக்கி ஊற்றினாய். பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, வருஷத்துக்கு ஒரு டின் என்று சட்டம் போட்டாய். உனக்கு எதற்குமே இதே வைத்தியம்தான். வீட்டுக்குழாய் ஒழுகினாலும், கல்யாணப் பேச்சு வந்தாலும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்பாய்.

முதல் டின் கடித்தது. இரண்டாவது வருஷம் நீ வர நேரமானதால் நானே திறந்தேன். இலைமேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் என்று நினைத்து, பாதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். நீ வந்து மிச்சத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாய். "பூசணமா இது? சக்கரைடா, மடையா. பழுத்தா இப்படித்தான் பூக்கும்." அதற்கப்புறம் ஒரு மாதம் ஆபீஸில் என்னோடு பேசவில்லை. பிறகு காண்டீனில் எல்லார் எதிரிலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தாய். காப்பிப்பொடி வறுத்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு வாயில் சொல்கிற நாக்கு உன்னுடையது. அதன் முன்னால் என் நாக்கு எம்மாத்திரம்? புகையிலை விஷயத்தில் இனி நீ சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவதும் நான்காவதும் நல்ல வருஷங்கள். திருவான்மியூர் கடற்கரை வரை நடந்துபோய்ப் பற்றவைத்தோம். வைக்கோல் நெடியடித்த புகையிலை மெல்ல மெல்ல உலர்ந்த பழமாக மாறிக்கொண்டிருந்தது. உன்னால் பேச்சை நிறுத்தவே முடியவில்லை.

ஐந்தாவது டின்னைத் திறந்த அன்று ஓர் இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். கடிக்கிறது என்றாய். மெழுகில் எங்கோ ஓட்டை, உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்றாய். நானும் இழுத்தேன். கடிக்கவில்லை. அதுவரை நாம் பிடித்ததில் அதுதான் உத்தமம், தொண்டைவரை இனித்தது. "உனக்கும் கடிக்கறதோன்னோ?" என்று கேட்டாய்.

நான் ஆமாம் என்றேன்.

மிச்ச டின்களுக்கெல்லாம் நீ இன்னொரு சுற்று மெழுகு ஊற்றினாய். பழுக்கட்டும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றாய்.

அந்த வருஷம் என் மனைவி வைத்த வற்றல்குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் சாதம் மட்டும் கேட்க ஆரம்பித்தாய். ஒருநாள் என் சவரக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிக் காட்டினாய். ஓரத்தில் சின்ன விரல் நகம் அளவுக்கு வெள்ளை. "பாருடா, என் நாக்கும் பழுத்துடுத்து" என்றாய். நான் சிரித்தேன். வெள்ளையைப் பார்த்துப் பூசணம் என்று சொல்லி ஒருமுறை பட்டவன் அல்லவா! என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று சமையலறையில் வைத்துச் சொன்னாள். பைப் பிடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம், உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஆறாவது டின் திறந்த அன்று ஓர் இழுப்புகூட உன்னால் முடியவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மனைவி நேராக வந்து, "அண்ணே, நாக்க நீட்டுங்க" என்றாள். நகம் அளவு இருந்தது ரூபாய் நாணயம் அளவாகி, நடுவில் புண்ணாகியிருந்தது. அவள்தான் உன்னை டாக்சியில் ஏற்றினாள். எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்க, ஒரு வருஷம் என்றாய், புகையிலை சரியில்லை என்றும் சொன்னாய். வெளியே வந்து அவர் என்னிடம், போன வருஷமே வந்திருக்கலாமே என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நெஜமாச் சொல்லு. அன்னிக்கு உனக்கும் கடிச்சுதாடா?"

"கடிச்சுதுடா."

நீ தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் உன் நாக்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ வாய் திறந்து பேசவில்லை, இருந்த நான்கு மாதமும் சிலேட்டில்தான் எழுதினாய். அந்தக் கேள்வியை எழுதவே இல்லை. உன் நிம்மதிக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய். முதல் தடவை உன் கேலிக்குப் பயந்தேன், இரண்டாம் தடவை உனக்கே பயந்தேன்.

இப்போதெல்லாம் என் மனைவி ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஒரு உப்புக்கு இவ்வளவு யோசனையா என்று அலுத்துக்கொள்கிறாள். அவளிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்: அன்றைக்கு எனக்குக் கடிக்கவில்லையடா, இனித்தது.